சீகன்பால்க் இறங்கிய கரையில்: தரங்கம்பாடி வரலாற்று நடை பற்றி

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் டேனிஷ் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் காரைக்காலுக்கோ வேளாங்கண்ணிக்கோ கிளம்பிவிடுகிறார்கள். அப்படிக் கடந்துபோகப்படும் ஊரை ஒரு காலைப்பொழுது முழுவதும் நின்று நிதானமாகப் பார்க்க வைக்கும் வரலாற்று நடை ஒன்றை, உள்ளூர் இளைஞர்கள் சிலர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் துணையோடு வார இறுதிகளில் நடத்திவருகிறார்கள். அண்மையில் அதில் கலந்துகொண்டேன். குறைகள் சில இருக்கின்றன. அவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனாலும் தமிழ்நாட்டில் நான் சென்ற வரலாற்று நடைகளில் இதுவே சிறந்தது என்று தயக்கமின்றிச் சொல்வேன். அதற்குக் காரணம் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளும், அந்தப் பொருளை விட்டு விலகாமல் நின்ற விதமும்.

வழக்கமாக இத்தகைய நடைகளில் ஊரின் வரலாறு முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனியர் செய்துகொண்ட உடன்படிக்கை, 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது, 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலை என்று ஆண்டுகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். கேட்கிறவர் மனத்தில் ஒன்றும் தங்காது. இந்த நடையை அமைத்தவர்கள் ஓராண்டுக்கும் குறைவான ஒரு காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1706 ஜூலை 9ஆம் தேதி பர்த்தலோமேயு சீகன்பால்க் என்ற ஜெர்மானிய இளைஞர் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததிலிருந்து, 1707 மே மாதம் முதல் ஞானஸ்நானம் நடந்தது வரையிலான மாதங்கள்தான் அவர்களுடைய பொருள். நடையின் கேள்வியும் ஒன்றே: தெரியாத நாட்டில், தெரியாத மொழிக்கு நடுவே, வரவேற்க ஒருவரும் இல்லாத ஊரில் ஓர் இளைஞர் தம் முதல் நாட்களை எப்படிக் கழித்தார்?

இவரைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். சீகன்பால்க் 1682 ஜூலை 10ஆம் தேதி சாக்சனி நாட்டின் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். ஹாலே நகரில் பிராங்கே என்ற சமயப் பெரியவரிடம் படித்தவர். உடல்நலக் குறைவால் அந்தப் படிப்பும் தடைப்பட்டுப்போனவர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்கு மிஷனெரிகளை அனுப்ப விரும்பியபோது, டென்மார்க்கில் அதற்கு ஆள் கிடைக்காமல் ஜெர்மனியிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சீகன்பால்கோடு வந்த இன்னொருவர் ஹென்ரிச் புளுட்சோ. 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து சோபியா ஹெட்விக் என்ற கப்பலில் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஏழு மாதங்களுக்கு மேல் கடலில் கழித்து வந்து சேர்ந்தார்கள். மறுநாள் விடிந்தால் சீகன்பால்குக்கு இருபத்து நான்கு வயது. இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனெரிகள் என்று திருச்சபை வரலாறுகள் இவர்களைக் குறிப்பிடுகின்றன.

நடை காலை ஆறரை மணிக்கு நகர வாயிலில் தொடங்குகிறது. எங்கள் குழுவில் ஒரு குடும்பம், கல்லூரி மாணவர்கள் சிலர், வட மாநிலங்களுக்கு ஊழியத்துக்குச் செல்லவிருந்த இறையியல் மாணவர்கள் மூவர் இருந்தார்கள். வழிகாட்டியாக வந்த இளைஞர் முதலில் சொன்ன செய்தியே எனக்கு நம்பிக்கை அளித்தது. இன்று நிற்கும் வாயில் 1792இல் கட்டப்பட்டது என்றும், சீகன்பால்க் இதனைப் பார்த்ததே இல்லை என்றும், ஆகவே இங்கே நேரம் செலவிடப் போவதில்லை என்றும் கூறிவிட்டு, ராஜ வீதி வழியாக எங்களை நேராகக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். கதைக்குத் தொடர்பில்லாத கட்டடத்தைக் கதையோடு ஒட்டவைக்க முயலாத வழிகாட்டிகள் நம்மிடையே அரிது.

கடற்கரைப் பகுதிதான் நடையின் முதல் உயர்ந்த இடம். சீகன்பால்க் கரையிறங்கியதன் நினைவாக அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. வழிகாட்டி அதனைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பேசியவர் அங்கே எங்களுக்காகக் காத்திருந்த முதிய மீனவர் ஒருவர். தரங்கம்பாடியில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களும் சரக்கும் சிறு படகுகளில்தான் கரைக்கு வர வேண்டும். பலகைகளை ஆணி அடித்துச் சேர்த்தால் அலை மோதும் வேகத்தில் படகு பிளந்துவிடும் என்பதால், இக்கரையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகுகளைப் பயன்படுத்தினார்கள். தையல் படகு அலைக்கு வளைந்து கொடுக்கும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெரியவர் மணலில் உட்கார்ந்து, அலை உடையும் இடத்தைக் கையால் சுட்டிக்காட்டி, பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓயும் வரை படகை அந்த விளிம்பிலேயே எப்படிப் பிடித்து வைத்திருக்க வேண்டும், எந்தக் கணத்தில் துடுப்பை அழுத்த வேண்டும், அந்தக் கணம் தவறினால் படகு எந்தப் பக்கம் புரளும் என்பதை விளக்கியபோது, புத்தகத்தில் கிடைக்காத ஒன்று கிடைத்தது.

"கடலே பாக்காத ஊர்ப் புள்ளைங்களாச்சே, எப்படிப் பயந்திருக்கும் தம்பி அதுக்கு?" என்று அவர் ஓர் இறையியல் மாணவரைப் பார்த்துக் கேட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வந்த இரண்டு ஜெர்மானியர்களைத் தம் வீட்டுப் பிள்ளைகளைப் போல அவர் பேசியது, கேட்ட எல்லோரையும் கட்டிப்போட்டது. அந்த மாணவரால் சிறிது நேரம் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கும் அடுத்த மாதம் ஜார்க்கண்டுக்குப் பயணம்.

அடுத்ததாகக் கோட்டைக்கு முன்னுள்ள திறந்த வெளிக்குச் சென்றோம். கரையிறங்கிய முதல் நாளில் அந்த இருவருக்கும் நேர்ந்ததை மிஷன் வரலாறுகள் விரிவாகவே பதிவு செய்துள்ளன. கப்பல் தலைவர் அவர்களை எளிதில் இறங்க விடவில்லை. கரைக்கு வந்த பின்னும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு வந்த ஆளுநர் ஹாசியுஸ், யார் அனுப்பினார்கள், எதற்காக வந்தீர்கள் என்று கடுமையாகக் கேட்டார். மன்னரின் கடிதத்தைக் காட்டியும் அவர் மனம் இளகவில்லை. ஆளுநரும் அவரோடு வந்தவர்களும் அவரவர் வழியே சென்றுவிட, இருவரும் சந்தைவெளியில் தங்க இடமின்றி நின்றார்கள். கடைசியில் கம்பெனி அலுவலர் ஒருவர் இரங்கி இடத்துக்கு ஏற்பாடு செய்தார்.

இதைச் சொல்லி முடித்த வழிகாட்டி, குடைகளை மடக்கி வைத்துவிட்டுச் சற்று நேரம் ஒருவரோடு ஒருவர் பேசாமல் அந்த வெளியில் நிற்கும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார். குழுவில் சிலர் இதனை நாடகத்தனம் என்று நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலை எட்டு மணிக்கே கடற்கரை வெயில் கண்ணைக் கூசச் செய்தது. சீகன்பால்க் வந்தது ஆனி மாதக் கடைசி. கப்பலில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவரின் கால்கள் நிலத்துக்கே பழகியிருக்காது. மன்னரின் ஆணையைக் கையில் வைத்திருந்தும் மன்னரின் ஆளுநராலேயே விலக்கப்பட்டவருக்கு, இனி யாரிடம் முறையிடுவது என்ற கேள்வி எழுந்திருக்கும். கடிதம் எழுதினால் அது ஐரோப்பாவுக்குப் போய்ப் பதில் வர ஓராண்டுக்கு மேலாகும். இந்தக் கணக்கை வழிகாட்டி சொல்லவில்லை. நின்ற இடத்தில் எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றுவதற்கு அவகாசம் கொடுத்ததே அந்த அமைதியின் பயன்.

ஆளுநரின் வெறுப்புக்கான காரணத்தை அவர்கள் தெளிவாக விளக்கியதையும் பாராட்ட வேண்டும். தரங்கம்பாடி டேனிஷ் வணிகக் கம்பெனியின் ஊர். மிளகும் துணியும் வாங்கி அனுப்புவதே அங்கிருந்தவர்களின் நோக்கம். சமயப் பணி உள்ளூர் மக்களோடு மோதலை உண்டாக்கி வணிகத்தைக் கெடுத்துவிடும் என்று கம்பெனி அஞ்சியது. ஏற்கெனவே டேனியருக்காகச் சீயோன் ஆலயம் இருந்தது. அங்கிருந்த குருமார்களுக்கும் புதிதாக வந்த ஜெர்மானியர்கள் வேண்டாத விருந்தாளிகளே. ஆக, அந்த இளைஞருக்கு முதல் நாட்களில் அந்நியமாக இருந்தவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர். தம் நிறமும் தம் சமயமும் கொண்டவர்களே அவருக்குப் பெரும் தடையாக இருந்தார்கள். அயல்நாட்டுக்குப் பணிக்குச் செல்கிற இளைஞர்களுக்கு நாம் உணவையும் தட்பவெப்பத்தையும் மொழியையும் பற்றித்தான் எச்சரிக்கிறோம். அங்கே ஏற்கெனவே குடியேறி இருக்கும் தம்மவர்களைப் பற்றி எச்சரிப்பதில்லை. இறையியல் மாணவர்கள் இந்தப் பகுதியில்தான் அதிகமாகக் கேள்வி கேட்டார்கள்.

இனி, நடையின் உயிரான பகுதிக்கு வருகிறேன். ஊருக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டின் திண்ணையில் எங்களை உட்கார வைத்தார்கள். அங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் காத்திருந்தார். எங்கள் ஒவ்வொருவர் முன்னும் ஒரு மரத்தட்டு. அதில் சலித்த மணல் மெல்லிய படலமாகப் பரப்பப்பட்டிருந்தது. அவர் ஓர் எழுத்தை உரக்கச் சொல்ல, நாங்களும் உரக்கச் சொல்லியபடி சுட்டுவிரலால் மணலில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் உள்ளங்கையால் மணலைச் சமப்படுத்தி அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். சீகன்பால்கும் புளுட்சோவும் தமிழ் கற்கத் தொடங்கியது இப்படித்தான். முதியவரான ஓர் உள்ளூர் வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தும்படி கேட்டுக்கொண்டு, அங்கே வந்த சிறுவர்களோடு தாங்களும் தரையில் அமர்ந்து, அவர்களைப் பார்த்து மணலில் எழுதினார்கள். இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்று, குருப்பட்டம் பெற்று வந்தவர்கள், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுத்துக்கூட்டினார்கள்.

மணலில் எழுதும்போது நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். விரலை வேகமாக இழுத்தால் மணல் இரு கரையிலும் குவிந்து பக்கத்துச் சுழியை மூடிவிடுகிறது. 'இ' என்ற எழுத்தின் உட்சுழி தெளிவாக விழ வேண்டுமானால் விரலின் நுனியை மட்டும் வைத்து மெதுவாகத் திருப்ப வேண்டும். வாயும் மெதுவாகத்தான் ஒலிக்க வேண்டியிருக்கிறது. ஒலியும் வடிவமும் ஒன்றாகவே உடம்பில் பதிகிற அந்த முறையை, தமிழே தெரியாத ஒருவரின் நிலையில் இருந்து நினைத்துப் பார்க்க முடிந்தது. எங்களுக்கு அருகில் இருந்த சிறுமி, அவளுடைய தாத்தாவைவிட அழகாக எழுதி ஆசிரியரிடம் பாராட்டு வாங்கினாள்.

அடுத்து ஓர் ஓலைச்சுவடியின் படியைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார் ஆசிரியர். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டும் குறி இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருந்தன. தாய்மொழியாகத் தமிழைப் பேசி, நாள்தோறும் தமிழில் எழுதிவரும் நாங்களே ஒரு வரியைப் பிரித்தறியத் திணறினோம். "பொருள் தெரிஞ்சாத்தான் படிக்கவே முடியும் சார், படிச்சுப் பொருள் தெரிஞ்சுக்கலாம்னு இங்க நினைக்க முடியாது" என்று ஆசிரியர் சொன்னார். சீகன்பால்கின் சிக்கலும் அதுவாகவே இருந்தது. வாத்தியாருக்குப் போர்த்துகீசிய மொழி தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகள் கைவந்தன, அவை சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது பிடிபடவில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் அழகப்பன் என்ற தமிழர். முன்பு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர் போர்த்துகீசியமும் வேறு ஐரோப்பிய மொழிகளும் பேசக்கூடியவர். அவர் வந்த பிறகே எழுத்து மொழியாயிற்று.

என்னுடைய முதல் பெரிய குறை இங்கேதான். அழகப்பனைப் பற்றி நடையில் சொல்லப்படுவது ஓரிரு வாக்கியங்கள். அவர் இல்லாவிட்டால் சீகன்பால்கின் முதல் ஆண்டே வேறு மாதிரி இருந்திருக்கும். மிஷனெரிகளுக்கு உதவியதற்காக அவர் பின்னர் தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்டார். பிற்காலத்தில் சீகன்பால்க் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் பெற்ற கடிதத் தொகுப்பிலும் அவர் பங்கு பெரிது. வாத்தியாரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்றால் அது வரலாற்றின் இழப்பு. பெயரும் வாழ்க்கையும் ஓரளவு கிடைக்கிற அழகப்பனை இரண்டு வாக்கியங்களில் கடப்பதற்கு அந்தச் சமாதானம் கிடையாது. நான் கேட்ட பிறகு ஆசிரியர் நன்றாகவே விளக்கினார். அந்த விளக்கத்தை, கேட்காதவர்களுக்கும் கிடைக்கும்படி நடையின் பகுதியாகவே ஆக்க வேண்டும்.

போர்த்துகீசிய மொழியைப் பற்றியும் போதுமான அளவு சொல்லவில்லை. அக்காலத்தில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர்களுக்கும் அவர்களிடம் வேலை பார்த்தவர்களுக்கும் இடையே வழங்கிய பொது மொழி அதுவே. ஆகவே இருவரும் வந்தவுடன் இரண்டு புதிய மொழிகளை ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருந்தது. பின்னர் வேலையைப் பிரித்துக்கொண்டு புளுட்சோ போர்த்துகீசியத்தையும் சீகன்பால்க் தமிழையும் தம் பொறுப்பாக ஏற்றார்கள். முதல் மாதங்களின் பாரத்தை உணர்வதற்கு இது அவசியமான செய்தி.

திண்ணை வகுப்பின் கடைசிப் பகுதியில், சீகன்பால்க் பின்னர் அமைத்துக்கொண்ட அன்றாட ஒழுங்கை ஆசிரியர் விவரித்தார். விடிந்ததும் முந்தைய நாள் கற்ற சொற்களை ஒருமுறை ஓதிப் பார்ப்பார். முற்பகல் முழுவதும் தாம் அதுவரை படிக்காத தமிழ் நூல்களைப் படிப்பார். முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடன் இருப்பார்கள். புதிய சொல் வந்தால் எழுத்தர் குறித்துக்கொள்வார். இருட்டிய பிறகு கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, வேறொருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். இந்த உழைப்பின் பலனாக 1708க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டி, அவற்றைப் பற்றிய குறிப்புகளோடு ஒரு பட்டியலும் எழுதிவிட்டார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை அதே ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அவை திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளின் நூல்கள் என்பதை நினைக்கும்போது, தாம் கற்ற வரிசையிலேயே அவர் மொழிபெயர்க்கவும் செய்தார் என்பது விளங்கும். இந்த நாட்டு மக்கள் அறிவும் ஒழுங்கும் அற்றவர்கள் என்று ஐரோப்பாவில் நிலவிய கருத்தோடு வந்தவர், அவர்களுடைய மொழியைக் கற்று அவர்களுடைய நூல்களைப் படித்த பிறகு அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டு, அதனைத் தம் நாட்டவர்க்கு எழுதியும் அனுப்பினார். மதம் மாற்ற வந்தவர் என்ற நோக்கில் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் பேசுவதற்கு முன் படித்தவர் என்ற நோக்கில் அவர்மீது எனக்குள்ள மதிப்பு மிகப் பெரியது.

ஆலயங்களைப் பற்றிய பகுதி சுருக்கமானது. 1707 மே 12ஆம் தேதி சீயோன் ஆலயத்தில் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ், போர்த்துகீசிய சபைகளுக்காகத் தனி ஆலயம் எழுப்பப்பட்டது. அந்த முதல் ஆலயம் இன்று இல்லை; அதைக் கடல் கொண்டுவிட்டது. இப்போது நாம் காணும் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் அர்ப்பணிக்கப்பட்டது. முகப்பில் பிரடெரிக் மன்னரின் முத்திரை எழுத்து இருக்கிறது. உள்ளே சீகன்பால்கின் கல்லறை இருக்கிறது. அவர் 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் இறந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் உள்ளே சுற்றிப் பார்க்க முடியாது என்பதால் சனிக்கிழமை நடையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இரண்டாவது பெரிய குறை இந்தப் பகுதியில் இருக்கிறது. முதலில் ஞானஸ்நானம் பெற்ற அந்த ஐவரும் டேனியர்களின் வீடுகளில் இருந்த அடிமைகள். வழிகாட்டி இதைச் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு உடனே கட்டடக் கலைக்குப் போய்விட்டார். ஆளுநர் ஏன் மிஷனெரிகளை அஞ்சினார் என்று கடற்கரையில் அவ்வளவு தெளிவாக விளக்கியவர், அடிமைகளை உடைமையாக வைத்திருந்த ஓர் ஊரில் அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எவ்வளவு பெரிய உரசலாக இருந்திருக்கும் என்பதை இங்கே விட்டுவிட்டார். கேட்பதற்குக் கசப்பான செய்தி என்பதற்காக ஒதுக்கினார்களா, நேரமின்மையா, தெரியவில்லை. எதுவானாலும் இது இடம்பெற வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் சிறைவாசம் காரணமில்லாத கொடுமையாக மட்டுமே தெரியும்.

கோட்டையில் அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் தேவைக்கு அதிகம். 1708 இறுதியில் ஹாசியுஸ் சீகன்பால்கைக் கைது செய்து நான்கு மாதங்கள் கோட்டையில் அடைத்து வைத்தார். உருக்கமான நிகழ்ச்சிதான், வழிகாட்டியும் உருக்கமாகவே சொன்னார். ஆனால் முதல் மாதங்களைப் பற்றிய நடைக்கு அது பொருந்தாத நீட்டல். அங்கே செலவான நேரத்தைத் திண்ணைக்குக் கொடுத்திருந்தால் இன்னும் இரண்டு ஓலைகளைப் படித்திருக்கலாம். கோட்டையும் அதிலுள்ள அருங்காட்சியகமும் யாரும் தாமாகவே சென்று பார்க்கக்கூடியவை. அதற்கு நடை தேவையில்லை. சீகன்பால்க் வாழ்ந்த வீடும் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது; நடை முடிந்த பிறகு அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு பிழையையும் குறிப்பிட்டாக வேண்டும். தமிழை முதன்முதலில் அச்சேற்றியவர் சீகன்பால்க் என்று வழிகாட்டி கூறினார். அவர்கள் கொடுத்த துண்டுத்தாளிலும் அப்படியே இருந்தது. இது சரியல்ல. தமிழ் எழுத்துகளில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. அதனை உருவாக்கிய அன்றிக்கே அன்றிக்கஸ் என்னும் போர்த்துகீசிய இயேசு சபைக் குருவும் தமிழ் கற்பதற்காகத் தம் முதல் ஆண்டுகளைப் பாடுபட்டுக் கழித்த மிஷனெரியே. சீகன்பால்கின் சாதனை வேறு: 1712, 1713 ஆண்டுகளில் அச்சுப்பொறியும் தமிழ் எழுத்துருக்களும் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர, 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்தார். அதுவே போதிய பெருமை. இல்லாத பெருமையை ஏற்ற வேண்டியதில்லை. நடை முடிந்த பின் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, அடுத்த அச்சில் திருத்திவிடுவதாகச் சொன்னார்.

விரும்புகிறவர்களைப் பொறையாறுக்கு வேனில் அழைத்துச் சென்று, மிஷனெரிகள் காகிதம் செய்த கடுதாசிப் பட்டறை இருந்த பகுதியைக் காட்டுகிறார்கள். பார்ப்பதற்கு அதிகம் எதுவும் இல்லை. அச்சு வரலாற்றில் தனி ஈடுபாடு உள்ளவர்கள் மட்டும் போகலாம்.

இனி வசதிகள். கட்டணம் ஒருவருக்கு 600 ரூபாய். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி. இதில் காலை உணவும் அடக்கம். உணவு ஒரு மீனவர் வீட்டில் பரிமாறப்படுகிறது. இட்லியும் முதல் நாள் வைத்த மீன்குழம்பும் மிக நன்றாக இருந்தன, மரக்கறி உண்பவர்களுக்குத் தேங்காய்ச் சட்னியும் சாம்பாரும் உண்டு. நடை முழுவதும் தமிழில்தான். முன்கூட்டிச் சொன்னால் ஆங்கிலத்தில் விளக்க ஓர் இளைஞரை அனுப்புகிறார்கள். கடற்கரையில் மணலில் நடக்க வேண்டியிருப்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு அந்தப் பகுதி சிரமம். அவர்களை ராஜ வீதியின் கடைசியில் நிழலில் உட்கார வைக்கும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் மீனவரின் பேச்சை அவர்கள் இழந்துவிடுவார்கள். கழிப்பறை வசதி திண்ணை வீட்டில் மட்டுமே உள்ளது. அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதைப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். குடிதண்ணீர் அவர்களே தருகிறார்கள்.

குழுவில் இருந்த இறையியல் மாணவர்களில் ஒருவர், நடை முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது, ஜார்க்கண்டில் தாம் போகவிருக்கும் ஊரில் சந்தாளி பேசுவார்கள் என்றும், இந்தி தெரிந்தால் போதும் என்று இதுவரை எண்ணியிருந்ததாகவும், இனி அங்கே போய் முதலில் ஒரு வாத்தியாரைத் தேடப் போவதாகவும் சொன்னார். வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஊழியத்துக்காகவோ வெளியூர் கிளம்பும் இளைஞர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைப் புறப்படுவதற்கு முன் இந்த நடைக்கு அனுப்பலாம் என்று நான் எண்ணுவது அதனால்தான்.

மயிலாடுதுறை ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் வருவது எளிது. ஆனால் ஆறரை மணிக்கு வாயிலில் இருக்க வேண்டுமானால் முதல் நாள் இரவே ஊரில் தங்குவது நல்லது. பதிவு தொலைபேசியில் மட்டுமே. விடுதிகளிலும் ராஜ வீதிக் கடைகளிலும் கேட்டால் எண் கொடுப்பார்கள். பதிவு செய்யும்போதே, கோட்டையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அந்த நேரத்தையும் திண்ணை வகுப்புக்குக் கொடுங்கள் என்று கேளுங்கள். குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் ஆசிரியர் மகிழ்ச்சியோடு இன்னொரு சுவடியை எடுத்துவருவார்.